ஐயோ என்றால் எண்ணெய்

குத்தி நின்ற பிறகும் ஈட்டியின் வால் ஆடிக்கொண்டிருக்கிறது, மூக்கைப் புல்லுக்குள் செருகிவிட்டு இன்னும் போக வேண்டும் இன்னும் போக வேண்டும் என்று அடம்பிடித்து ஆடுகிறது, அதற்குள் வீச்சு செல்லும் என்று வெள்ளைக் கொடி ஏறிவிட்டது, அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது, அந்தச் சத்தமெல்லாம் நீலவேணிக்கு மறந்துபோய் எத்தனையோ வருடமாகிறது, அந்த வால் ஆடியது மட்டும் மறக்கவில்லை, இதோ ஐம்பது வயதில் ஒரு பள்ளித் திடலின் பந்தலுக்குள் தலைமை விருந்தினர் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்களே, இங்கேயும் கண்ணுக்குள் அதுதான் ஆடுகிறது, ஒலிபெருக்கியில் யாரோ பேசுகிறார்கள், யாரோ என்ன யாரோ, கோக் செங்தான், ஒரே வயிற்றில் பிறந்ததால் அண்ணன் என்று சொல்லிக்கொள்கிறவன், ஊர்ச் சீனச் சங்கத்துத் தலைவன், எங்கள் வீட்டுப் பெண், எங்கள் புலி, தேசியப் போட்டியில் ஈட்டி எறிந்து தங்கம் வென்றவள், சங்கம் கட்டிக் கொடுத்திருக்கும் இந்தத் திடலைப் பெற்ற தாயின் முன்னிலையில் முதல் ஈட்டியை வீசித் திறந்துவைப்பாள் என்று மலாயில் முழங்குகிறான், பெற்ற தாய் பக்கத்தில் சக்கர நாற்காலியில் சிவப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வாயோரம் எச்சில் ஒழுகுவதை ஒரு மருமகள் துடைத்துவிடுகிறாள், முன்னிலையாம், மண்ணாங்கட்டி முன்னிலை. வருகிறேன் என்று ஒப்புக்கொண்டபோது நீலவேணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், அதில் எங்கம்மா காத்தாயியின் படத்தை வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள், அதற்கென்ன, கண்டிப்பாக என்றான் கோக் செங், இங்கே வந்து பார்த்தால் அந்த இடத்தில் சக்கர நாற்காலி நிற்கிறது, காலையில் அவள் கொடுத்தனுப்பிய படம் பந்தலுக்குப் பின்னால் குளிர்பானப் பெட்டிகளின்மேல் கிடக்கிறது, அதன்மேல் எவனோ ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வேறு வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வயிறு எரிகிறது, எரியாமல் என்ன செய்யும். அவள் பிறந்தது சீனர் கணக்கில் புலி வருடம், பெண்ணாகப் பிறந்த புலி அப்பனை விழுங்கிவிடும் என்று எவனோ ஒரு குறிகாரன் சொல்லித்தொலைத்தான், தோட்டத்து ஜனங்கள் மளிகை வாங்குகிற தவுக்கே கடை அவர்களுடையது, தவுக்கே என்றால் முதலாளி, அந்தக் கடைக்குக் கருவாடு வாங்கப் போயிருந்தாள் காத்தாயி, உள்ளேயிருந்து வந்த தவுக்கேயின் பெண்டாட்டி ஒரு துணிச்சுருளை அவள் கையில் வைத்து, அம்பில், அம்பில், எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்றாளாம், பழந்துணி ஏதோ கொடுக்கிறாள் என்று காத்தாயியும் வாங்கிக்கொண்டாளாம், துணி அழுதிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், கருவாடு வாங்கப் போனவ புள்ளைய வாங்கிட்டு வந்துட்டேன்டி, கருவாட கடையிலேயே மறந்துட்டேன், ஒங்கப்பன் அன்னிக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்லாம ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சோத்தத் தின்னாரு. அப்பன் என்றால் சடையன், எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்தில் குலை வெட்டுகிறவர், காத்தாயி உதிர்ந்த பழம் பொறுக்குகிறவள், லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், கடைசி வீடு, பன்னிரண்டு வருடமாகப் பிள்ளையில்லாத வீடு, அங்கே மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, காது குத்தி, நீலவேணி என்று பெயர் வைத்து, மாரியம்மன் கோயில் தீமிதிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்கள், கண்ணாடியைப் பார்க்கும்வரை அவளுக்குத் தான் வேறு என்று தெரியாது, கண்ணாடி பார்க்கிற வயது வருவதற்கு முன்னாலேயே ஊர் சொல்லிக்கொடுத்துவிட்டது, அமோய், அமோய் என்று கூப்பிட்டார்கள், சீன வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற பேர் அது, தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினால்கூட, பாரேன் அமோய் என்னமா தமிழ் பேசுது என்பார்கள், அடப்பாவிகளா, வேறு என்ன பாஷை பேசுவாள், அவளுக்கு வேறு என்ன பாஷை தெரியும்.

கோபம் வந்தால் எதையாவது தூக்கி எறிவாள், அப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது, காய்ந்த செம்பனை மட்டையைச் சீவி எறிந்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய் விழும், குரங்கு ஓடும், அமோய் என்று கூப்பிட்ட பையன்களும் ஓடுவார்கள், அதைப் பார்த்த பள்ளி விளையாட்டு ஆசிரியர் அவள் கையில் உண்மையான ஈட்டியைக் கொடுத்தார், எடுத்தவுடனே பிடித்துப்போயிற்று, காதோரம் ஏந்திக்கொண்டு ஓடும்போது காற்று அதன் முதுகைத் தடவிக்கொண்டு போகிற சத்தம், பிறகு கையை விட்டுப் போகிற அந்தக் கணம், உலகத்திலேயே யாரும் முகத்தைப் பார்க்காத கணம் அதுதான், எல்லோரும் ஈட்டியைத்தான் பார்ப்பார்கள். மாவட்டப் போட்டியில் நீலவேணி சடையன் என்று கூப்பிட்டார்கள், இவள் போய் நின்றாள், கொடி பிடித்திருந்தவர் நீ இல்லையம்மா, அந்த இந்தியப் பெண் எங்கே என்றார், நான்தான் என்றாள், அவர் அவளைப் பார்க்கிறார், கையிலிருந்த தாளைப் பார்க்கிறார், மறுபடி அவளைப் பார்க்கிறார், விளையாடுகிறாயா என்கிறார், எறிந்து காட்டினாள், அன்றைக்கு அங்கே அவ்வளவு தூரம் எறிந்தவர் யாருமில்லை, அப்போதும் அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த மாநிலப் போட்டி, சே, அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. கடைசிச் சுற்று, கடைசி வாய்ப்பு, இதில் எறிந்தால் தேசிய அணிக்குத் தேர்வு, இல்லாவிட்டால் பேசாமல் லயத்துக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான், ஈட்டியை ஏந்திக்கொண்டு ஓடத் தொடங்குகிறாள், சீன முகம் ஒன்று ஓடி வருகிறதென்று பார்வையாளர் வரிசையிலிருந்த சீனர்களுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது, ஒரே குரலில் கத்துகிறார்கள், ஜியாயோ, ஜியாயோ, ஜியாயோ, அவள் காதில் விழுந்தது ஐயோ. ஐயோ என்று அத்தனை பேர் அலறுகிறார்கள், தோட்டத்தில் ஐயோ என்றால் குலை யார் தலையிலோ விழுந்துவிட்டது என்று அர்த்தம், பாம்பு கடித்துவிட்டது என்று அர்த்தம், ஐயோ கேட்டுத் திரும்பாதவள் மனுஷியா, யாரையோ குத்திவிட்டேனா என்று பதறித் திரும்பினாள், கால் பின்னிக்கொண்டது, கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தாள், ஈட்டி பக்கத்தில் செத்த பாம்பாகக் கிடந்தது, சிவப்புக் கொடி ஏறியது. கத்தினவர்கள் அதே இடத்தில் சிரித்தார்கள். பக்கத்து மாநிலத்துப் பெண் ஒருத்தி, அவளும் சீனப்பெண்தான், கைகொடுத்துத் தூக்கிவிட்டு, ஏன் திரும்பினாய் என்று மலாயில் கேட்டாள், எல்லோரும் ஐயோ என்றார்களே என்றாள் இவள், அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை, அடி லூசு, ஜியாயோ என்றார்கள், எண்ணெய் ஊற்று என்று அர்த்தம், விடாதே, வேகமாகப் போ என்று உற்சாகப்படுத்துவது, இதுகூடத் தெரியாதா, நீ சீனப்பெண்தானே.

நீ சீனப்பெண்தானே, அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டே பேருந்தில் வந்தாள், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினாள், காத்தாயி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டாள், எண்ணெயா, எரியிறதுல எண்ணெயவா ஊத்துறானுவ, ஆமாம்மா என்றாள் இவள், நல்லாத்தான் ஊத்துறானுவ, பொழுதுக்கும் எண்ணெய் எடுக்கிறது நாம, ஊத்துறது அவனுவளா, அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள் காத்தாயி, சரிடி, ஒனக்கு ஐயோன்னா திரும்பத் தோணுது, அதானே பிரச்சன, அதுக்கு நான் மருந்து வச்சிருக்கேன் வா என்றாள். மருந்து என்னவென்று மறுநாள் சாயந்திரம் தெரிந்தது, தோட்டத்துத் திடலில் நீலவேணி ஈட்டியோடு ஓட ஓட, கோல்கம்பத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு காத்தாயி தொண்டை கிழிய ஐயோ என்று கத்துகிறாள், லயமே வாசலுக்கு ஓடிவந்தது, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று, தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி வீட்டம்மா தலையில் கைவைத்துக்கொண்டு என்னாச்சு என்னாச்சு என்று வருகிறாள், ஒண்ணுமில்லம்மா எம்மவளுக்கு எண்ணெய் ஊத்துறேன் என்கிறாள் காத்தாயி, ஊரெல்லாம் சிரித்தது, சிரித்தால் சிரிக்கட்டும், மாதக்கணக்கில் அப்படி, முதலில் ஒவ்வொரு ஐயோவுக்கும் கழுத்து தானாகத் திரும்பும், திரும்புனே அடி விழும் என்பாள், போகப்போக ஐயோ என்றால் கால் வேகமெடுக்கப் பழகிவிட்டது, திரும்பாம ஓடு, நான் செத்தேன்னு கத்துனாலும் திரும்பாம ஓடு, புரியுதா என்றாள் காத்தாயி, புரியுதும்மா என்றாள் இவள். எவ்வளவு நன்றாகப் புரிந்தது, பாவி மகளுக்கு.

சடையன் அந்த வருடக் கடைசியில் போய்ச் சேர்ந்தார், துக்கம் கேட்க வந்த தவுக்கேயின் பெண்டாட்டி நீலவேணியின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நாங்கள் அன்றைக்கே சொன்னோமே, புலி அப்பனை விழுங்கும் என்று, விழுங்கிவிட்டது பார் என்பதுபோல ஏதோ முனகினாள், காத்தாயி விரித்த தலையோடு எழுந்து நின்றாள், புலி மேல பழியப் போடாத, அவர முழுங்குனது அவர் குடிச்ச சம்சு, அதையும் ஒங்க கடையிலதான் வாங்குனாரு, போ வெளிய என்றாள். தவுக்கே எண்பது வயதுவரை கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து கருவாடு விற்றான், அவனை எந்தப் புலியும் விழுங்கவில்லை. நீலவேணியின் பெயர் செய்தித்தாளில் வரத் தொடங்கியதும்தான் அந்த வீட்டுக்குப் பாசம் பொங்கியது, மறு வருடம் மாநிலப் போட்டியில் வெற்றி, தேசிய அணி, பயிற்சி முகாம், ஒரு வெள்ளிப் பதக்கம், அதற்குப் பிறகு மிட்டாய்ப் பெட்டியோடு கோக் செங் வந்தான், தங்கச்சி என்றான், அவள் மிட்டாய்ப் பெட்டியை எறிந்த தூரத்தை அளந்திருந்தால் அதற்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

அந்தத் தேசியப் போட்டி, தலைநகரத்துப் பெரிய அரங்கம், இறுதிக்கு வந்த ஒவ்வொரு பெண்ணின் தாயும் திடலோரத்தில் வந்து உட்காரலாம், அதற்கென்று வாசல் மேசையில் ஓர் அட்டை வைத்திருப்பார்கள், பேரைச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும், நாந்தான் நீலவேணி அம்மான்னு சொல்லும்மா போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், காத்தாயியும் விடிந்ததும் விடியாததுமாகத் தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு பேருந்து ஏறியிருந்தாள், ஆனால் திடலுக்குள் வந்து பார்த்தால் அந்த நாற்காலியில் தவுக்கேயின் பெண்டாட்டி, பின்னால் கோக் செங் சீன எழுத்துப் போட்ட சிவப்புத் துணியை விரித்துப் பிடித்திருக்கிறான், எங்கம்மா எங்கே என்று ஓர் அதிகாரியைக் கேட்டாள், அதோ இருக்கிறாரே என்று அவர் கைகாட்டினார், அது எங்கம்மா இல்லை என்றாள், அவர் சிரித்தார், பதற்றப்படாதே, போய் எறி என்று முதுகில் தட்டினார், தட்டின கையை முறித்துப் போட்டிருக்க வேண்டும். எறிந்ததெல்லாம் தப்பாகப் போயிற்று, கோபம் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டால் ஈட்டி எப்படிப் பறக்கும், தரையைத்தான் குத்தும், மிஞ்சியது கடைசி வீச்சு ஒன்று. ஈட்டியைக் காதோரம் தூக்கினாள், சிவப்புத் துணிக்காரர்கள் ஜியாயோ ஜியாயோ என்று ஆரம்பித்தார்கள், ஓடத் தொடங்கினாள், அப்போது அந்தக் கூச்சலைக் கிழித்துக்கொண்டு பின்னால் வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல், ஜியா இல்லாத வெறும் ஐயோ, தோட்டத்துத் திடலில் மாதக்கணக்கில் கேட்ட அதே தொண்டை, அம்மா வந்துவிட்டாள், அம்மா எண்ணெய் ஊற்றுகிறாள், சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம், திரும்பாமல் ஓடினாள், கால் வேகமெடுத்தது, உடம்பு முழுவதும் வில்லாக வளைந்து நிமிர்ந்தது, ஈட்டி போயிற்று, போய்க்கொண்டேயிருந்தது, குத்தி நின்றது, வால் ஆடியது, வெள்ளைக் கொடி.

வாசலுக்கு ஓடினாள், எல்லோரும் கட்டிப்பிடிக்க வர வர விலக்கிக்கொண்டு ஓடினாள், வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் காத்தாயி தரையில் உட்கார்ந்திருக்கிறாள், புளிச்சோறு தார் ரோட்டில் சிதறிக் கிடக்கிறது, வலது கை மணிக்கட்டிலிருந்து திசைமாறித் தொங்குகிறது, காவல்காரன் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருக்கிறான், தமிழன், சட்டையில் ஆறுமுகம் என்று பேர் குத்தியிருக்கிறான், நான் தள்ளலக்கா, சாமி சத்தியமா தள்ளல, இந்த ஆயா நீலவேணி அம்மா நான்தான்னு நிக்குது, அது சீனப் பொண்ணு ஆயா, அவங்கம்மாதான் அட்டைய வாங்கிட்டு அப்பவே உள்ள போயிட்டாங்கன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது, ஒங்க பேரு மைக்குல வந்ததும் கேட்டுக்குள்ள பூந்துட்டுது, கையப் புடிச்சு வெளிய விட்டேன், அதுவா வுழுந்துட்டுது. அதுவா விழுந்தது. முதல் தடவை, உற்சாகக் கூச்சலை வலி என்று நினைத்துத் திரும்பி நின்றாள், இந்தத் தடவை வலியை உற்சாகம் என்று நினைத்துத் திரும்பாமல் ஓடினாள், தாயின் கை முறிகிற சத்தத்தில் வேகமெடுத்து ஓடித் தங்கம் வாங்கினாள். காத்தாயி அவள் முகத்தைப் பார்த்தாள், உடனே புரிந்துகொண்டாள், தூரமாப் போச்சாடி என்றாள், போச்சும்மா, ஐயோன்னு கத்துனேனே கேட்டுச்சா, கேட்டுச்சு, ஒனக்குத்தான் எண்ணெய் ஊத்துனேன், அப்பறமாத்தான் வுழுந்தேன், கத்துனது வுழுறதுக்கு மொதல்ல, தெரிஞ்சுக்க, நீ திரும்பாம ஓடுனியே, அதான் எம்மவ. பொய், பச்சைப் பொய், நீலவேணிக்குத் தெரியும் பொய்யென்று, காத்தாயிக்கும் தெரியும் அவளுக்குத் தெரியுமென்று, சாகிற வரைக்கும் அந்தப் பொய்யை ஓர் எழுத்து மாற்றாமல் சொன்னாள், கை கோணலாகத்தான் கூடியது, அதற்குப் பிறகு அந்தக் கையால் ஒரு பழம் பொறுக்க முடியவில்லை, அப்போதும் கேட்டால், ஒனக்குத்தான்டி ஊத்துனேன்.

மேடையில் தங்கம் வாங்க நீலவேணி நிற்கவில்லை, காத்தாயியை மடியில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அந்தப் பதக்கத்தை அவளுக்குப் பதிலாக வாங்கிக்கொண்டது யார் தெரியுமா, மறுநாள் செய்தித்தாளில் பாதிப் பக்கத்துக்குப் படம், பதக்கத்தை நெஞ்சோடு அணைத்தபடி தவுக்கேயின் பெண்டாட்டி, புலியைப் பெற்றவள் என்று தலைப்பு. நாசமாய்ப் போக. அதற்குப் பிறகு நீலவேணி எங்கே போய் எறிந்தாலும் கூட்டம் கத்தினால் கழுத்து வாசலைப் பார்த்துத் திரும்பியது, கோட்டைத் தாண்டினாள், சிவப்புக் கொடி, மறுபடி சிவப்புக் கொடி, தேர்வாளர்கள் இரண்டு வருடம் பொறுத்தார்கள், மூன்றாவது வருடம் பெயரை அடித்துவிட்டார்கள், விளையாட்டு ஆசிரியையாகப் போனாள், பிள்ளைகளுக்கு எறியச் சொல்லிக்கொடுத்தாள், அவள் மட்டும் ஈட்டியைத் தொடவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் ஏன் இன்றைக்கு வந்தாய் என்றால், முதல் ஈட்டி என்றதும் கை ஊறியது, அம்மாவின் படத்தை அங்கே உட்காரவைத்து அவர்கள் கண்ணெதிரே ஒரு தடவை எறிந்து காட்ட வேண்டும் என்று இருந்தது, அந்த ஒரு நாற்காலிதான் இப்போது கிழவிக்குப் போய்விட்டது.

வாருங்கள் புலியே என்று ஒலிபெருக்கி கூப்பிடுகிறது, எழுந்தாள், கையில் ஈட்டியைக் கொடுத்தார்கள், புது ஈட்டி, பிடியில் சுற்றிய கயிறு உள்ளங்கையை அடையாளம் கண்டுகொண்டது, ஓடுபாதையின் கடைசியில் போய் நின்றாள், திடலைச் சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், காதோரம் தூக்கினாள், முட்டி வலிக்கிறது, வலித்தால் வலிக்கட்டும், ஓடினாள், கோக் செங் ஒலிபெருக்கியிலேயே தொடங்கிவைக்கிறான், ஜியாயோ, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள், ஜியாயோ, ஜியாயோ, அவள் காதுக்கு அந்தச் சொல் என்றைக்குமே முழுதாக வந்து சேர்ந்ததில்லை, இன்றைக்கும் வரவில்லை, ஐயோ, ஐயோ, ஐயோ, கால் பழக்கத்தில் வேகமெடுக்கிறது, திரும்பாம ஓடு, நான் செத்தேன்னு கத்துனாலும் திரும்பாம ஓடு, கோடு நெருங்குகிறது, கை பின்னால் போகிறது.

நீலவேணி நின்றுவிட்டாள். நின்று திரும்பினாள். கூச்சல் ஒவ்வொரு வாயாக அடங்கியது, அவள் ஈட்டியைப் பிடித்தபடியே வந்த வழியில் நடந்தாள், பந்தலுக்குப் பின்னால் போனாள், கோப்பையைத் தட்டிவிட்டாள், படத்தின் ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், கொண்டுவந்து தலைமை விருந்தினர் நாற்காலியில், தன் நாற்காலியில், வைத்தாள், சக்கர நாற்காலிக் கிழவி படத்தைப் பார்த்தாள், கருவாடு வாங்க வந்த முகத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டாள், கோக் செங் ஓடிவந்தான், என்ன ஆயிற்று, பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏன் நின்றுவிட்டாய் என்றான். யாரோ ஐயோன்னாங்க என்றாள், அவனுக்குப் புரியாத தமிழில்தான் சொன்னாள், பிறகு மலாயிலும் சொன்னாள், யாருமே அப்படிச் சொல்லவில்லையே, நாங்கள் ஜியாயோ என்றுதானே கத்தினோம் என்றான் அவன். இல்லை, எங்கம்மா கத்தினாள், போன தடவை நான் திரும்பவில்லை என்றாள் நீலவேணி, பந்தலில் எவரும் அசையவில்லை, ஈட்டியின் வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, இந்தத் தடவை புல்லில் இல்லை, அவள் கையில்.